குடிமகனும் குடிவரவு உத்தியோகத்தரும்

அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாள மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணியைக் கட்டி, அதன் நீண்ட கயிறு வெளியே தொங்குமாறு வைத்திருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. நீதி வேண்டுவோர் எவராயினும் அக்கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். கன்றைப் பறிகொடுத்த பசு அதனை இழுத்தபோது, குற்றம் புரிந்தவன் தன் சொந்த மகனே என்று அறிந்த பின்னரும் மன்னன் நீதியினின்றும் பிறழவில்லை என்பது அக்கதையின் சிறப்பு. மநுநீதி கண்ட சோழனைப் பற்றிச் சோழநாட்டில் வழங்கும் கதையும் இதனையே ஒத்தது.

இக்கதையில் இரண்டு செய்திகள் பொதிந்துள்ளன. ஒன்று, முறையிட வருபவருக்குக் கயிறு எட்டவேண்டும். மற்றொன்று, தவறிழைத்தவர் அரண்மனையைச் சேர்ந்தவராயினும் வழக்குக் கேட்கப்படல் வேண்டும். இக்கால அரசுகளில் மணிக்குப் பதிலாக நீதிமன்றமும், கயிற்றுக்குப் பதிலாக எழுத்து மூலமான மனுவும் இருக்கின்றன. ஓர் அரசின் உத்தியோகத்தர் அந்த அரசின் சொந்தக் குடிமகனையே அந்நியன் என்று கருதிப் பிடித்துச் சிறைவைத்தால், அல்லது அடித்துத் துன்புறுத்தினால், அவன் இழுப்பதற்கு எந்தக் கயிறு இருக்கின்றது? இவ்வினாவை ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சட்டத்தை வைத்து ஆராய்வது பயன் தரும். எழுதப்பட்ட அரசியலமைப்பும், அடிப்படை உரிமைகளைக் காத்த தீர்ப்புகளும் நிறைந்த நாடு அது. அங்கேயே இவ்வினாவுக்கு விடை எளிதாகக் கிடைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பிறநாட்டார் உள்ளே வருவதையும் தங்குவதையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் எந்த அரசுக்கும் உண்டு. அமெரிக்காவில் எல்லைப்புறங்களை எல்லைக் காவற்படையும், நாட்டின் உட்பகுதியை 2003ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடிவரவு, சுங்க அமுலாக்க நிறுவனமும் கண்காணிக்கின்றன. இவற்றின் அதிகாரம் பிறநாட்டாரை நோக்கியது. குடிமகனை நாடு கடத்துவதற்குக் குடிவரவுச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும், குடியுரிமை என்பது எவருடைய நெற்றியிலும் எழுதப்பட்டிருப்பதன்று. தன் குடியுரிமையை நிறுவும் பத்திரத்தை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற கடமையும் அமெரிக்கக் குடிமகனுக்கு இல்லை. ஆகவே, முகத்தையும் பெயரையும் பேச்சையும் பிறந்த இடத்தையும் பார்த்து உத்தியோகத்தர்கள் முடிவு செய்யும்போது, குடிமக்களும் வலையில் விழுகின்றனர்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்கக் காங்கிரசுக்குப் பொறுப்பான அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2021ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015ஆம் நிதியாண்டு தொடக்கம் 2020ஆம் நிதியாண்டின் இரண்டாம் காலாண்டு வரையிலான காலத்தில், குடிமக்களாக இருக்கக்கூடிய 674 பேர் கைது செய்யப்பட்டனர் என்றும், அத்தகையோர் 121 பேர் தடுத்து வைக்கப்பட்டனர் என்றும், 70 பேர் நாட்டைவிட்டே அகற்றப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. குடியுரிமை பற்றிய விசாரணைகளை அந்நிறுவனம் முறையாகப் பதிந்து வருவதில்லை என்பதையும் அது சுட்டிக் காட்டிற்று.

இத்தகைய குடிமகனுக்கு உரிமை இல்லையா என்றால், உரிமை நிறைய உண்டு. நியாயமற்ற கைதும் சோதனையும் கூடாது என்று அரசியலமைப்பின் நான்காந் திருத்தம் விதிக்கின்றது. காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படியன்றி எந்தக் குடிமகனையும் தடுத்து வைத்தலாகாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரைக்கின்றது. மெக்சிக்கோ நாட்டவரைப் போன்ற தோற்றம் மட்டும் ஒருவரது வண்டியை மறிப்பதற்குப் போதிய காரணமாகாது என்று 1975ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை எது என்பதில் ஐயமில்லை. உரிமை மீறப்பட்டபின் பரிகாரம் எது என்பதே வழக்கு.

பரிகாரங்களை இரண்டாகப் பிரித்து நோக்கலாம். ஒருவர் அடைபட்டிருக்கும்போதே அவரை விடுவிக்கும் பரிகாரம் ஒன்று. விடுதலையான பின்னர், பட்ட துன்பத்துக்கு நட்டஈடு தரும் பரிகாரம் மற்றொன்று.

முதலாவது வகையில் தலையாயது ஆட்கொணர்வு எழுத்தாணை. அடைத்து வைத்திருப்பவர் அடைபட்டவரை நீதிபதியின் முன் கொண்டுவந்து, எந்தச் சட்டத்தின்படி அடைத்தார் என்று காரணங் காட்டவேண்டும் என்பது அதன் பொருள். வொங் கிம் ஆர்க் என்பவர் 1873ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1895ஆம் ஆண்டில் அவர் சீனாவுக்குச் சென்று திரும்பியபோது, அவர் குடிமகன் அல்லர் என்று கூறிச் சுங்க அதிகாரிகள் தரையில் இறங்கவிடாமற் கப்பல்களிலேயே மாதக்கணக்கில் தடுத்து வைத்தனர். அவர் ஆட்கொணர்வு மனுவினால் நீதிமன்றத்தை அணுகினார். அமெரிக்க மண்ணிற் பிறந்தமையால் அவர் குடிமகனே என்று 1898ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பால் வரும் குடியுரிமைக்கு அரணாக விளங்கும் இப்பெருந்தீர்ப்பு, தடுத்து வைக்கப்பட்ட ஒரு சமையற்காரரின் மனுவிலிருந்து பிறந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளலாம். பின்னர் 1922ஆம் ஆண்டில், தாம் குடிமகன் என்று ஆதாரத்தோடு கூறுபவரை நிருவாக அதிகாரியின் முடிவை மட்டும் கொண்டு நாடு கடத்தலாகாது, அக்கூற்றை நீதிமன்றமே விசாரித்தல் வேண்டும் என்று நீதியரசர் பிராண்டைஸ் எழுதினார்.

எனினும், ஆட்கொணர்வு மனு கதவைத் திறக்குமேயன்றி, கதவு மூடியிருந்த நாட்களைத் திருப்பித் தராது. அதனைத் தாக்கல் செய்வதற்குச் சட்டமறிந்தவரின் துணையும் வேண்டும். குற்றவியல் வழக்கில் வறியவருக்கு அரசு தன் செலவிற் சட்டத்தரணியை அமர்த்துகின்றது. நாடு கடத்தும் வழக்கு குடியியல் வழக்காகக் கருதப்படுவதால், அங்கே அத்தகைய உரிமை இல்லை. பணமும் உறவினரும் உள்ளவருக்குச் சட்டத்தரணி கிடைப்பார். இல்லாதவர் தாமே தமக்காக வாதாட வேண்டும்.

இனி, நட்டஈடு பெறும் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

தவறிழைத்த உத்தியோகத்தர் மீதே வழக்குத் தொடுப்பது மனிதருக்கு முதலில் தோன்றும் வழி. மாநில அரசின் அதிகாரத்தைக் கொண்டு ஒருவர் பிறருடைய அரசியலமைப்பு உரிமையை மீறினால், அவர் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கின்றது. ஊர்ப் பொலிஸ்காரரும் சிறைக்காவலரும் அச்சட்டத்தில் அகப்படுவர். குடிவரவு உத்தியோகத்தரோ சமஷ்டி அரசின் ஊழியர். சமஷ்டி ஊழியர் மீது அவ்வாறு வழக்குத் தொடுப்பதற்குக் காங்கிரஸ் ஒரு சட்டத்தையும் இயற்றவில்லை.

இக்குறையை 1971ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமே ஓரளவு நிரப்பிற்று. 1965ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், நியூயோர்க் நகரில் ஒருவரது வீட்டினுள் போதைப்பொருட் தடுப்பு உத்தியோகத்தர்கள் பிடியாணையின்றி நுழைந்து, மனைவி மக்கள் முன்னிலையில் அவருக்கு விலங்கிட்டனர். பிவென்ஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில், சட்டம் வெளிப்படையாகக் கூறாவிடினும், அரசியலமைப்பு மீறலுக்காகச் சமஷ்டி உத்தியோகத்தரிடம் நட்டஈடு கோரலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979ஆம், 1980ஆம் ஆண்டுகளில் மேலும் இரண்டு வழக்குகளில் அவ்வழி அகலமாயிற்று. அதன் பின்னர் உயர் நீதிமன்றம் அவ்வழியைப் புதிய வகை வழக்கு எதற்கும் திறந்துவிடவில்லை.

2020ஆம் ஆண்டிலே, எல்லைக்கு இப்பால் நின்ற உத்தியோகத்தர் சுட்ட குண்டினால் மெக்சிக்கோ மண்ணில் 15 வயதுச் சிறுவன் இறந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. அவன் குடிமகன் அல்லன். 2022ஆம் ஆண்டில் வந்த எக்பர்ட் எதிர் பூல் என்ற வழக்கோ, அமெரிக்கக் குடிமகன் ஒருவருடையது. கனடாவின் எல்லையை ஒட்டி வாஷிங்டன் மாநிலத்தில் அவர் ஒரு விடுதி நடத்தி வந்தார். 2014ஆம் ஆண்டில், துருக்கியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரை விசாரிக்க எல்லைக் காவலர் ஒருவர் அவரது வளவினுள் வந்தார். வெளியேறுமாறு கூறியபோது அக்காவலர் தம்மைத் தூக்கி வண்டியில் மோதி நிலத்தில் தள்ளினார் என்பது விடுதிக்காரரின் முறைப்பாடு. மேலதிகாரிகளிடம் முறையிட்டதும், அக்காவலர் வரித் திணைக்களம் முதலியவற்றைத் தம்மீது ஏவிவிட்டார் என்பது அவருடைய இரண்டாவது முறைப்பாடு. உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் வழக்குரிமை இல்லை என்றது. எல்லைப் பாதுகாப்பு தேசப் பாதுகாப்பைச் சார்ந்தது என்பதும், புதிய வழக்குரிமையை வகுப்பது காங்கிரசின் வேலை என்பதும், எல்லைக் காவற்படைக்குள்ளேயே முறைப்பாட்டை விசாரிக்கும் ஒழுங்கு இருக்கின்றது என்பதும் அது காட்டிய காரணங்கள். அந்த உள்விசாரணையில் முறையிட்டவருக்குப் பங்கு கொள்ளும் உரிமையோ, முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் உரிமையோ இல்லாவிட்டாலும் அது போதும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. இவ்வழக்கில் ஓராண்டு உள்விசாரணை நடந்து, எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாமல் முடிந்தது.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுவதைக் காணலாம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிற் குடிவரவு உத்தியோகத்தர்கள் ஆட்களை மறித்து விசாரிப்பதற்குக் கீழ் நீதிமன்றம் விதித்திருந்த கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதற்கு உடன்பட்டுத் தனியே எழுதிய நீதியரசர் கவனோ, மறிக்கப்பட்டவர் குடிமகன் என்று தெரிந்தவுடன் அவர் விரைவில் விடப்படுவார் என்றும், மிதமிஞ்சிய பலம் பிரயோகிக்கப்பட்டால் அதற்குச் சமஷ்டி நீதிமன்றங்களிற் பரிகாரம் இருத்தல் வேண்டும் என்றும் குறிப்பிட்டார். 2022ஆம் ஆண்டிலே மூடப்பட்ட வாசலையும் இந்த வாக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், அப்பரிகாரம் எந்த வாசலால் வரும் என்று கேட்பது இயல்பே.

அவ்வாறாயின், உத்தியோகத்தரை விட்டு அரசின் மீதே வழக்குத் தொடுக்கலாமா? அரசன் தவறிழைக்கான் என்பது ஆங்கிலச் சட்ட மரபு. அம்மரபை ஒட்டி, தன் சம்மதமின்றித் தன்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அமெரிக்க அரசும் நெடுங்காலம் கொண்டிருந்தது. அரசின் ஊழியரால் நட்டமடைந்தவர்கள், தமக்கெனத் தனிச் சட்டமூலம் ஒன்றைக் காங்கிரசிற் கொண்டுவரச் செய்து நட்டஈடு பெறவேண்டியிருந்தது. 1945ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மூடுபனியினூடே வந்த இராணுவ விமானம் ஒன்று நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் மாளிகையில் மோதி 14 பேர் மாண்டனர். மறு ஆண்டு காங்கிரஸ் சமஷ்டித் தீங்கியல் உரிமைக்கோரல் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஊழியரின் கவனயீனத்தால் நேர்ந்த தீங்குக்கு, தனிமனிதர் பொறுப்பாவது போலவே அரசும் பொறுப்பாகும் என்பது அதன் சாரம்.

ஆனால், வேண்டுமென்று செய்த தீங்குகளை, அஃதாவது அடித்தல், சட்டவிரோதமாக மறித்து வைத்தல் போன்றவற்றை, அச்சட்டம் விலக்கி வைத்திருந்தது. 1973ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலத்துக் கொலின்ஸ்வில் என்னும் ஊரிற் போதைப்பொருட் தடுப்பு உத்தியோகத்தர்கள் குற்றமற்றோரின் வீடுகளைத் தவறாக முற்றுகையிட்டுக் கலங்கடித்தனர். நாடெங்கும் எழுந்த வெறுப்பின் பயனாக 1974ஆம் ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டது. சோதனை, கைது ஆகிய அதிகாரங்களைக் கொண்ட சமஷ்டி உத்தியோகத்தர் அடித்தாலும், பொய்க் கைது செய்தாலும், சட்டவிரோதமாக அடைத்து வைத்தாலும் அரசு பொறுப்பாகும் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. குடிவரவு உத்தியோகத்தரும் இத்தொகுதியில் அடங்குவர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும், அட்லாண்டா நகரில் சமஷ்டிப் புலனாய்வாளர் தவறான வீட்டினுள் புகுந்த வழக்கில், அரசு கூறிய தடைகளுள் ஒன்றை உயர் நீதிமன்றம் ஏகமனதாக நீக்கி, வழக்கை மீள விசாரிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பிற்று. ஆகவே, இன்று குடிமகன் பற்றக்கூடிய கயிறு பெரும்பாலும் இதுவே.

இக்கயிற்றைப் பற்றுவதற்கு விதிகள் பல. முதலில் நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது. சம்பந்தப்பட்ட திணைக்களத்துக்கே எழுத்தில் உரிமைக்கோரலை அனுப்பி, வேண்டும் தொகையையும் திட்டமாகக் குறிப்பிடல் வேண்டும். தீங்கு விளைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அது போய்ச் சேர்தல் வேண்டும். திணைக்களம் மறுத்தால், மறுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தாக்கல் செய்தல் வேண்டும். ஆறு மாதம் பதிலே வராவிட்டால், மறுப்பாகக் கொண்டு வழக்குத் தொடுக்கலாம். வழக்கை ஜூரிமார் விசாரிப்பதில்லை, நீதிபதியே விசாரிப்பார். தண்டனையாக விதிக்கும் மேலதிக நட்டஈடு கிடையாது. இவ்விதிகளுட் பிறவற்றைச் சகிக்கலாம். இரண்டு ஆண்டு என்ற விதியே உயிர்நிலையானது. இரண்டு குடிமக்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

முதலாமவர் வட கரோலினா மாநிலத்திற் பிறந்தவர். மனநலக் குறைபாடு உடையவர். ஸ்பானிய மொழி அறியாதவர். 2008ஆம் ஆண்டில் அவரை மெக்சிக்கோ நாட்டவர் என்று பதிந்து, அவ்வாண்டு டிசெம்பரிலே எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டனர். கையிற் பணமும் பத்திரமும் இன்றி, மெக்சிக்கோ, ஹொண்டுராஸ், நிக்கராகுவா, குவாத்தமாலா ஆகிய நாடுகளில் அவர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அலைந்தார். இறுதியில் குவாத்தமாலாவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் அவரது சகோதரரைத் தொடர்பு கொண்டு உண்மையை அறிந்து கடவுச்சீட்டு வழங்கிற்று. அவருக்குத் தேர்ந்த சட்டத்தரணிகளின் துணை கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் வழக்குத் தாக்கலாயிற்று. 2012ஆம் ஆண்டில் அரசு 1,75,000 டொலர் கொடுத்துச் சமாதானஞ் செய்துகொண்டது.

இரண்டாமவர் ஜமேய்க்காவிற் பிறந்து, 1998ஆம் ஆண்டிலே தந்தையுடன் வாழ்வதற்காகச் சட்டப்படி நியூயோர்க்குக்கு வந்த சிறுவர். 2002ஆம் ஆண்டில் தந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, இவர் 18 வயது நிரம்பாதவராயிருந்தமையால், சட்டப்படி இவரும் குடிமகனானார். பின்னர் போதைப்பொருள் விற்ற குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்து, 2008ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி விடுதலையானார். சிறைவாயிலிலிருந்து அவரைக் குடிவரவு உத்தியோகத்தர் கொண்டு சென்றனர். தாம் குடிமகன் என்று அவர் கூறினார். தந்தையின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தார். உத்தியோகத்தர்கள் தம் ஏட்டிலே தந்தையின் பெயரைத் தேடியபோது, முதற்பெயரும் குடும்பப் பெயரும் ஒத்த, நடுப்பெயர் வேறான மற்றொருவரின் கோவையை எடுத்துக் கொண்டனர். அம்மனிதர் வேறொரு மாநிலத்தில் வாழ்ந்தவர். குடியுரிமை பெறாதவர். இந்தப் பெயருடைய மகனே இல்லாதவர். அக்கோவையை நம்பி இளைஞரை அடைத்து வைத்தனர்.

அவருக்கு அப்பொழுது 23 வயது. உயர்தரப் பாடசாலைப் படிப்பை அவர் முடித்திருக்கவில்லை. சட்டத்தரணியும் இல்லை. தாமே எழுதி, தாமே முறையிட்டு, 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆந் திகதி அலபாமா மாநிலத்தில் விடுவிக்கப்பட்டார். அடைபட்டிருந்த நாட்கள் 1,273. அவரை நாடு கடத்தும் வழக்கு 2013ஆம் ஆண்டு ஜனவரியிலேதான் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் நட்டஈட்டுக் கோரலை அனுப்பினார். 2016ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிபதி ஜக் வைன்ஸ்டைன், சட்டவிரோதமாக அடைத்து வைத்தமைக்காக அரசு 82,500 டொலர் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அரசு மேன்முறையீடு செய்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. உத்தியோகத்தரின் விசாரணை பழுதானது என்பதை அந்நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால், நாடு கடத்தும் குற்றப்பத்திரம் கையளிக்கப்பட்டபோதே, அஃதாவது 2008ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, இரண்டு ஆண்டுக் கணக்குத் தொடங்கிவிட்டது என்று பெரும்பான்மையோர் கண்டனர். அக்கணக்கின்படி 2010ஆம் ஆண்டு மே மாதத்திற் காலம் முடிந்தது. அப்பொழுது அவர் சிறையில் இருந்தார். அவர் வெளியே வந்த நாளில், கோரல் அனுப்பும் தவணை கழிந்து ஏறத்தாழ 18 மாதங்கள் ஆகியிருந்தன. நியாயங் கருதிக் காலத்தை நீட்டலாம் என்று மூவருள் ஒருவரான பிரதம நீதிபதி கட்ஸ்மன் மாறுபட்டு எழுதினார். அவரது குரல் வெல்லவில்லை. 2018ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழக்கைக் கேட்க மறுத்தது. 1,273 நாட்களுக்கு அவருக்குக் கிடைத்த நட்டஈடு ஒன்றுமில்லை.

காலவரையறை என்பது கண்மூடித்தனமான விதியன்று. காலஞ் செல்லச் செல்லச் சாட்சிகள் மறப்பர், பத்திரங்கள் தொலையும், அரசும் தன் கணக்கை ஒருநாள் முடிக்கவேண்டும். இந்நியாயங்கள் யாவும், வழக்குத் தொடுக்க வசதியிருந்தும் வாளாவிருந்தவருக்குப் பொருந்தும். அடைத்தவனே அடைபட்டவனை நோக்கி, நீ ஏன் உரிய காலத்தில் வரவில்லை என்று கேட்பதற்கு அவை பொருந்துமா என்பதே வினா.

இவ்வினாவுக்கு இலங்கையின் உயர் நீதிமன்றம் வேறு விடை கூறியிருக்கின்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். அமெரிக்கர் இரண்டு ஆண்டு கொடுக்கும் இடத்தில் இங்கே ஒரே மாதம். ஆயினும், 1989ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளிற் காணப்படும் நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கில், பிரதம நீதியரசர் சர்வானந்தா அந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்று ஆராய்ந்தார். பரிகாரம் பொருளுடையதாக வேண்டுமாயின், தடுத்து வைக்கப்பட்டவர் தளையினின்றும் நீங்கிய நாளிலிருந்தே ஒரு மாதத்தைக் கணக்கிடல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1996ஆம் ஆண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டமும், ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டவருக்கு, அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என்று விதித்திருக்கின்றது. இந்நாட்டிற் பரிகாரங்கள் யாவும் குறைவற நடக்கின்றன என்று இதனாற் சொல்லிவிட முடியாது. ஆயினும், நீண்ட தவணை எப்போதும் நல்ல தவணையன்று என்பதையும், எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே பயனைத் தீர்மானிக்கின்றது என்பதையும் இவ்விரு வழக்குகளும் ஒருங்கே காட்டுகின்றன.

அமெரிக்கக் குடிமகனுக்கு வேறு வழிகளும் சில உண்டு. குடிவரவு நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க ஒருவரை ஊர்ச் சிறையிலே தடுத்து வைப்பது அங்கே வழக்கம். பென்சில்வேனியா மாநிலத்தில், பிணை கட்டிய பின்னரும் அவ்வாறு தடுத்து வைக்கப்பட்ட குடிமகன் ஒருவரின் வழக்கில், அவ்வேண்டுகோள் கட்டளையன்று, ஆகவே தடுத்து வைத்த பகுதி நிருவாகம் தானும் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று 2014ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. இங்கே 1871ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வருகின்றது. அத்தீர்ப்பின் பின்னர் பல பகுதிகளிற் சிறையதிகாரிகள் நீதிபதியின் ஆணையின்றி எவரையும் தடுத்து வைக்கத் தயங்கினர். நட்டஈட்டின் பயன் துன்பப்பட்டவருக்கு மட்டும் உரியதன்று. அடுத்த நாள் வேறொருவர் துன்பப்படாமற் காப்பதும் அதுவே. குற்றவியல் வழக்கும் ஒரு வழியே. வேண்டுமென்று உரிமையை மீறிய உத்தியோகத்தரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. ஆனால், அவ்வழக்கைத் தொடுப்பதும் விடுவதும் அரசின் சட்டவாதிகளது விருப்பம். துன்பப்பட்டவர் கையில் அது இல்லை.

இத்தனையும் நோக்குமிடத்துத் துன்பப்படும் குடிமகன் செய்யவேண்டியவை சில புலப்படும். தாம் குடிமகன் என்பதை முதற் கணத்திலேயே கூறி, யார், எப்பொழுது, எங்கே அதனைக் கேட்டார்கள் என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும். பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு, பெற்றோரின் குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை நம்பகமான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைத்தல் நன்று. காயமிருந்தால் மருத்துவரிடம் காட்டி அறிக்கை பெறல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதலையை எதிர்பார்த்துக் காத்திராமல், அடைபட்டிருக்கும்போதே நட்டஈட்டுக் கோரலை எழுத்தில் அனுப்பிவிடல் வேண்டும். இந்த ஒன்றை அந்த இளைஞருக்கு எவரேனும் எடுத்துக் கூறியிருந்தால், அவருடைய வழக்கு வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும்.

அரசு செய்யவேண்டியவையும் மலையளவானவை அல்ல. தவணையை விடுதலையான நாளிலிருந்து எண்ணுவதற்குச் சட்டத்தில் ஒரு வரி போதும். தாம் குடிமகன் என்று கூறுபவருக்கு ஒரு சட்டத்தரணியை அமர்த்துவதற்கு ஆகும் செலவு, ஒருவரை மூன்றரை ஆண்டு அடைத்து வைப்பதற்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு. அதற்கும் முன்னே, உத்தியோகத்தர் ஒருவர் தம் முன்னே நிற்பவர் கொடுத்த தொலைபேசி இலக்கத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்தாலே, பல வழக்குகள் பிறவாமற் போகும்.

எல்லாளனின் மணி புகழ் பெற்றது அதன் ஓசையினாலன்று. வாய் பேசாத ஒரு பசுவுக்கும் அதன் கயிறு எட்டிற்று என்பதனாலேயே அது புகழ் பெற்றது. சட்டத்தரணியும் பணமும் கல்வியும் உடையவருக்கு மட்டும் எட்டும் பரிகாரத்தை, ஏட்டில் இருக்கின்றது என்ற காரணத்தினாற் பரிகாரம் என்று அழைக்கலாம். சிறைக்குள் இருப்பவரின் கைக்கு அது எட்டும் நாளிலேயே அது உண்மையிற் பரிகாரமாகும்.